யார் அனுசரிப்பது?

'அனுசரித்துப் போ' என்ற உபதேசத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் ஒருவராவது இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் இடம் போதாவிட்டால் இந்த உபதேசம். புதிதாகச் சேர்ந்த ஆபீஸில் மேலதிகாரி சிடுசிடுத்தால் இந்த உபதேசம். புகுந்த வீட்டிலிருந்து பெண் கண்ணீரோடு கடிதம் எழுதினால் அதற்கும் இதே உபதேசம். இப்போது கடிதம் போய்த் தொலைபேசி வந்துவிட்டது. உபதேசம் மட்டும் மாறவில்லை.

இது கெட்ட உபதேசம் என்று சொல்ல நான் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து வாழ்கிற இடத்தில் நாலு பேரும் தம் இஷ்டப்படியே நடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில், எத்தனையோ குடும்பங்களின் உள்விவகாரத்தைக் காது கொடுத்துக் கேட்கிற பாக்கியமோ துர்ப்பாக்கியமோ எனக்கு உண்டு. அப்படிக் கேட்டதில் ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. அனுசரித்துப் போகும்படி சொல்லப்படுகிறவர் பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்ந்தவராகவே இருக்கிறார். ஏன் அப்படி? அனுசரிப்பு என்பது எது? பிறருடைய குறையைத் தலையில் சுமப்பது எது? இரண்டுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்த இடத்தைச் சொன்னால் சிலர் சிரிக்கலாம். ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் புதிதாக மாட்டிய கார்புரேட்டரிடமிருந்துதான் அது கிடைத்தது. யந்திர விஷயம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் மாமியார் உண்டு, மருமகள் உண்டு, பஞ்சாயத்தும் உண்டு.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்கு உதவாது. பொடித் துளிகளாகிக் காற்றோடு கலந்தால்தான் அது வெடித்து வேலை செய்யும். பழைய நாளில் வீடுகளில் கொசு மருந்து அடிக்கிற கைப்பம்பு ஒன்று இருக்கும். குழாயில் காற்று வேகமாகப் பாயும்போது கீழே டப்பாவிலுள்ள மருந்து தானே மேலேறிப் புகைபோலச் சிதறும். கார்புரேட்டர் செய்வதும் அதே வித்தைதான். பாய்கிற வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று 1738-ல் டேனியல் பெர்னூலி எழுதினார். இடுங்கிய குழாயில் அது எப்படி நடக்கிறது என்ற சோதனைகளை 1797-ல் வெஞ்சூரி வெளியிட்டார். 1893-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலைத் தெளிக்கிற கார்புரேட்டரைச் செய்தார். அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்து மோட்டார் வண்டிகள் இந்த வித்தையில் ஓடின.

எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரியச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிஞ்சினால் எஞ்சின் சூடேறும், திணறும், பிளக்கின் முனை வெளுக்கும். பெட்ரோல் மிஞ்சினால் கரி படியும், பிளக் கறுக்கும், பணமும் புகையாகப் போகும். அளவு சரியாக இருந்தால் பிளக்கின் முனை பால் விட்ட காபியின் நிறத்தில் இருக்கும்.

இந்த அளவை ஒரே துளை பார்த்துக்கொள்வதில்லை. ஆக்ஸிலரேட்டரை எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை 'ஸ்லோ ஜெட்' என்ற சின்னஞ்சிறு துளையின் ஆட்சி. அங்கிருந்து கால் பங்கு வரை, உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியிலுள்ள வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஒரு கூரிய ஊசி. அதற்கு மேல் 'மெயின் ஜெட்'. ஒரு வீட்டில் காலையில் ஒருவர் கை, மதியம் ஒருவர் கை, இரவில் ஒருவர் கை ஓங்கியிருக்கும் அல்லவா? ஏறக்குறைய அது மாதிரி. ஆகவே 'வண்டி சரியில்லை' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்த நிலையில் சரியில்லை என்று கேட்க வேண்டும். வீட்டுச் சண்டையிலும் 'அவள் சரியில்லை' என்று ஒருவர் ஆரம்பித்தால், 'எப்போது? எந்த விஷயத்தில்?' என்று கேட்கிற வழக்கம் நமக்கு இருந்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் பாங்க் அதிகாரி ஒருவரிடம் 350 சி.சி. புல்லட் ஒன்று இருக்கிறது. 1994-ஆம் வருஷத்து வண்டி. இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டாக 1955-ல் மதராஸில் ஆரம்பித்து, திருவொற்றியூரில் உருவாகி வந்த வம்சம். இங்கிலாந்தில் அந்த வம்சம் அற்றுப்போன பிறகும் இங்கே தழைத்தது. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் அவற்றை வண்டி என்று நினைப்பதில்லை. குடும்பத்தில் ஒருவராகவே நினைக்கிறார்கள். நண்பருக்கும் அப்படித்தான். அவருடைய தகப்பனார் ஓட்டிய வண்டி அது.

பழைய கார்புரேட்டரில் ஸ்லைடு தேய்ந்து ஆட ஆரம்பித்தது. அதன் வாய் 24 மில்லிமீட்டர். நண்பர் உதிரி பாகங்கள் விற்கிற கடையொன்றில் வேறு கம்பெனி செய்த 28 மில்லிமீட்டர் கார்புரேட்டர் ஒன்றை வாங்கி, அதற்கென்று தனி இணைப்புத் துண்டும் வாங்கி மாட்டினார். நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வாயின் பரப்பைக் கணக்கிட்டால் 36 சதவீதம் அதிகம். வாய் பெரிதானால் முழு வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மெதுவாகப் போகும்போது அதே காற்று அகலமான வழியில் வேகம் குறைந்து செல்வதால் பெட்ரோலை உறிஞ்சும் சக்தியும் குறையும். பெரிய இடத்துச் சம்பந்தத்தில் வருகிற சௌகரியமும் சங்கடமும் சேர்ந்தேதான் வரும்.

மாட்டிய மறுநாளே தகராறு ஆரம்பித்தது. வண்டி சூடேறியதும் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகம் தணியாமல் மேலேயே தொங்கியது. இறக்கத்தில் கையை விட்டால் சைலன்ஸரில் படபடவென்று வெடித்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு கணம் மூச்சு முட்டியது.

முதலில் பார்த்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "புதுசு சரியில்ல சார். பழசையே மாட்டிடுங்க." இருபது வருஷத்துக்கு மேலாக இல்லாத கோளாறு இது வந்த பிறகு வந்தது, ஆகவே இதுதான் கோளாறு. மருமகள் காலடி வைத்த நேரம் பால் திரிந்தது என்பதற்கும் இதற்கும் தர்க்கத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

இரண்டாமவர் கெட்டிக்காரர். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அறிகுறிகளைச் சரியாகவே படித்தார். பெரிய ஸ்லோ ஜெட் போட்டார். ஊசியை ஒரு படி உயர்த்தினார். மெயின் ஜெட்டையும் பெரிதாக்கினார். வண்டி வழிக்கு வந்தது; வெடிச் சத்தம் நின்றது. நண்பருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு மாதத்தில் பிளக் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் போன வண்டி இருபதைத் தொடவில்லை. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் கனத்துத் தள்ளாடியது.

மூன்றாவதாகப் புதுப்பேட்டைப் பக்கத்தில் வயதான ஒரு பாயிடம் போனார்கள். பொழுது போகட்டும் என்று நானும் கூடப் போனேன். பாய் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கார்புரேட்டர் பக்கமே அவர் போகவில்லை.

"பாய், கம்ப்ளெயிண்ட் கார்புரேட்டர்ல" என்றார் நண்பர்.

"இருக்கட்டும் சார். புதுசு எங்கயும் ஓடிப்போயிடாது. மொதல்ல பழசுங்களைப் பார்ப்போம்."

கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பாதி மின்சாரக் கோளாறு என்று மெக்கானிக்குகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. பாய் பாயிண்டைத் திறந்து இடைவெளியைப் பார்த்தார், 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது தேய்ந்து மாறியிருந்தது. அதைச் சரி செய்தார். ஆறின எஞ்சினில் புஷ்ராடுகளை விரலால் சுழற்றிப் பார்த்தார். சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அதையும் சரி செய்தார். ஒவ்வொன்றையும் செய்த பிறகு வண்டியைக் கிளப்பிக் கேட்டார். இரண்டு காரியத்தைச் சேர்த்துச் செய்யவே இல்லை. சேர்த்துச் செய்தால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமல் போய்விடும் அல்லவா?

பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கிற மூட்டைச் சுற்றி எண்ணெய்க் குப்பியால் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் எண்ணெய் பட்டதும் எஞ்சினின் குரல் மாறியது. பாய் தலையை ஆட்டினார். இணைப்புத் துண்டைக் கழற்றினால் விஷயம் வெளியே வந்தது. எஞ்சின் தலைப்பாகத்தில் இருந்த இரண்டு ஸ்டட்டுகளில் ஒன்றுக்கு மரை போயிருந்தது. நட்டை முறுக்கினால் இறுகுவதுபோல் இறுகும். உண்மையில் பிடிப்பு இல்லை. அந்த மயிரிழை இடைவெளியில் கணக்கில் வராத காற்று நுழைந்துகொண்டிருந்தது. பெட்ரோலை அளந்து ஊற்றுகிறவருக்குத் தெரியாமல் கொல்லைப்புற வழியாக வருகிற காற்று!

ஆனால் எனக்கு உண்மையான ஆச்சரியம் அதற்கு அப்புறம்தான். பாய் அந்தப் பழைய கார்புரேட்டரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதைப் பிரித்தார். உள்ளே இருந்த ஸ்லோ ஜெட் கம்பெனி கொடுத்த அளவைவிட இரண்டு படி பெரியது. ஊசியும் உயர்த்தியே இருந்தது.

"பாருங்க சார். இந்த ஓட்டை இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. யாரோ பல வருஷம் முன்னாடியே இதுக்குப் பெரிய ஜெட்டைப் போட்டு மூடி மறைச்சிருக்காங்க. இது இத்தினி நாளும் வாயைத் தொறக்காம இழுத்துக்கினு ஓடியிருக்கு."

நாவலாசிரியர்கள் வருஷக்கணக்கில் தேடுகிற வாக்கியம் சில சமயம் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வந்துவிடுகிறது.

மருமகளை அனுசரித்துப் போகச் சொல்லும் மாமியாரை நாம் கதைகளில் கொடுமைக்காரியாகவே எழுதி வந்திருக்கிறோம். அவள் சொல்வதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். "நான் இந்த வீட்டில் முப்பது வருஷம் அனுசரித்துப் போகவில்லையா?" என்கிறாள். உண்மைதான். அவள் போனாள். கணவரின் முன்கோபத்தையோ, மைத்துனரின் குடியையோ, வெளியே சொல்லாத கடனையோ தன் உழைப்பாலும் நகையாலும் மௌனத்தாலும் அடைத்துக்கொண்டு குடும்பத்தை ஓட்டினாள். வெளியே பார்ப்பவர்களுக்கு அது ஒழுங்கான குடும்பம். அவள் பட்ட பாடு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இப்போது புதிதாக ஒருத்தி, தனக்குரிய நியாயமான அளவோடு வருகிறாள். வந்ததும் வீடு படபடவென்று வெடிக்கிறது. 'இத்தனை நாள் இல்லாதது இவள் வந்த பிறகு வந்தது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது இத்தனை நாளும் இருந்தது. அதைச் சுமந்தவள் மாறிவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த மாமியார் பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுமை செய்யும் ஆசையும் இல்லை. தான் சுமந்ததையே குடும்ப தர்மம் என்று நம்பிவிட்டாள். நம்பாவிட்டால் முப்பது வருஷமும் வீண் என்று ஆகிவிடுமே! இந்த நம்பிக்கைதான் ஒரு தலைமுறையின் சுமையை மறு தலைமுறையின் தலையில் ஏற்றிவைக்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். 'புதிதாக வருவதெல்லாம் நிரபராதியா?' என்று கேட்கலாம். நிச்சயம் இல்லை. சந்தையில் விற்கும் உதிரி பாகங்களில் போலிகள் உண்டு. ஜெட்டின் மேல் ஒரு எண் பொறித்திருக்கும். துளை வேறு அளவில் இருக்கும். மிதவையின் ஊசி சரியாக உட்காராமல் பெட்ரோல் வழிகிற கார்புரேட்டர்களும் உண்டு. பாயின் முறையில் எனக்குப் பிடித்தது இதுதான்: புதியதைக் குற்றவாளி ஆக்கவும் அந்த முறைக்குத் தெரியும். பழையவற்றை ஒவ்வொன்றாகச் சரி பார்த்த பிறகும் கோளாறு நீடித்தால், அப்போது புதியதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் பிரித்துப் பார்க்கலாம். விசாரணையின் வரிசையில்தான் நியாயம் இருக்கிறது. முதலில் தீர்ப்பு, பிறகு விசாரணை என்றால் தீர்ப்பு தற்செயலாகச் சரியாக இருந்தாலும் அதில் நியாயம் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 'அப்படியானால் அனுசரிப்பே கூடாதா?' கூடும், அனுசரிக்க வேண்டிய இடங்கள் உண்டு. கடல் மட்டத்தில் ஒழுங்காக ஓடுகிற வண்டியை 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கு ஓட்டிப் போங்கள். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் அளவாக இருந்த பெட்ரோல் அங்கே மிகையாகிவிடும், வண்டி இருமும். அங்கேயே இருக்கப்போகிறவர் சிறிய ஜெட் போட வேண்டியதுதான். இதில் யாரைக் குறை சொல்வது? மலை உயரமாக இருப்பது மலையின் சுபாவம்.

காலத்துக்கும் அப்படி ஒரு சுபாவம் உண்டு. 2025-ல் நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். எத்தனால் ஒரு பங்கு எரிய 9 பங்கு காற்றே போதும். ஆகவே பழைய பெட்ரோலுக்குத் துல்லியமாகச் சுதி சேர்த்த கார்புரேட்டரில் இன்றைய பெட்ரோலை ஊற்றினால் காற்றுச் சற்று மிகையாகத் தெரியும். 'நான் பழைய காலத்துக்கு அளவெடுத்தவன்' என்று வீம்பு பிடிப்பதால் வண்டி ஓடாது. கொஞ்சம் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆக, அனுசரிப்பு இரண்டு வகை. சுபாவத்துக்கு அனுசரிப்பது ஒன்று. கசிவுக்கு அனுசரிப்பது மற்றொன்று. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளிக்கிற மாமனார், உப்புக் குறைத்துச் சாப்பிடுகிற வீடு, சத்தமாகப் பேசுகிற நாத்தனார், இவையெல்லாம் மலையைப் போல. வந்தவள் கொஞ்சம் மாறட்டும். இருப்பவர்களும் கொஞ்சம் மாறட்டும். குடியும் அவமதிப்பும் கைநீட்டுதலும் மறைத்த கடனும் மரை போன ஸ்டட்டைப் போல. அவற்றுக்கு ஜெட் மாற்றக் கூடாது. மரையைச் சரி செய்ய வேண்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க யந்திரம் ஒரு வழி காட்டுகிறது. காற்றுக் கசிவின் பாதிப்பு எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் அதிகம். முழுவேகத்தில் பெருங்காற்றோடு காற்றாக அது பெரும்பாலும் கரைந்துவிடும். ஆகவே கசிவை மறைக்கப் பெட்ரோலைக் கூட்டினால், ஓரிடத்தில் சமன் ஆகும். மற்ற இடங்களில் மிகையாகிக் கரி படியும். சுபாவத்துக்குச் செய்த அனுசரிப்பில் எல்லா நிலையிலும் ஓட்டம் சீராகும். கசிவுக்குச் செய்த அனுசரிப்பு வேறெங்கோ கறுத்து வெளிப்படும். வீட்டுக்கு முன்னால் சிரித்த முகமும், சமையலறைக்குள் காரணம் தெரியாத தலைவலியும், குழந்தைகள் மேல் எரிந்து விழுவதுமாக இருக்கிற பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே எதற்கோ பெரிய ஜெட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு, புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. ஒரு சிறு கணிப்பொறி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. புகையில் எஞ்சியிருக்கும் பிராணவாயுவை மோப்பம் பிடித்துக் கணத்துக்குக் கணம் அளவை மாற்றிக்கொள்கிறது. இதைப் போல அனுசரித்துப் போகிற பிராணி உலகத்தில் வேறு இல்லை. சின்னக் கசிவு இருந்தால் அதுவும் முனகாமல் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அதைச் செய்தவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சமாளிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே ஒரு விளக்கு எரியும். 'இதற்கு மேல் என்னால் மறைக்க முடியாது. வேறெங்கோ கோளாறு இருக்கிறது, பார்' என்று அதற்கு அர்த்தம். ஒரு யந்திரத்தின் பொறுமைக்கு எல்லை வைத்தவர்கள், அந்த எல்லையைச் சொல்ல வாயும் வைத்தார்கள். நம் குடும்பங்களில் அந்த விளக்கு எரியும்போது நாம் என்ன செய்கிறோம்? 'பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாள்' என்று சொல்லி அதை அணைக்கிறோம்.

மனிதர்கள் யந்திரங்கள் இல்லை என்பதை நான் அறியாமல் இல்லை. ஸ்டட்டுக்கு மரை போனதில் வெட்கம் கிடையாது. அதைக் கழற்றிப் பார்ப்பதற்கு அது கோபித்துக்கொள்வதும் இல்லை. மனிதனிடம் 'உன்னிடம் கசிவு இருக்கிறது' என்று சொன்னால் அவன் முதலில் சொன்னவனைத்தான் கடிப்பான். அதனாலேயே எல்லோரும் சுலபமான வழியைப் பிடிக்கிறோம். எதிர்த்துப் பேச முடியாதவர் யாரோ அவரிடம் போய் அனுசரிக்கச் சொல்கிறோம். பல சமயங்களில் நாம் தர்மோபதேசம் என்று செய்வது இதுதான். அதில் தர்மம் குறைவு, சோம்பல் அதிகம், கொஞ்சம் கோழைத்தனமும் உண்டு.

ஆகவே, பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. பெண்ணுக்கோ, பையனுக்கோ, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்கோ 'அனுசரித்துப் போ' என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அவர் வருவதற்கு முன்பே அங்கே என்ன இருந்தது என்று விசாரியுங்கள். அவருக்கு முன்னால் அதைச் சுமந்தவர் யார் என்று கேளுங்கள். அது மலையா, மரை போன ஸ்டட்டா என்று பாருங்கள். மலையாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள். மற்றதாக இருந்தால் அந்த உபதேசத்தைச் சொல்ல வேண்டிய ஆள் வேறு ஒருவர். அவர் வயதில் மூத்தவராக இருக்கலாம், சம்பாதிக்கிறவராக இருக்கலாம், நமக்கு வேண்டியவராகவும் இருக்கலாம். போய் அவரிடம் சொல்லுங்கள்.